ஆஞ்சியோகிராம் மேசையிலேயே ஸ்டென்ட் வைக்க முன்கூட்டியே சம்மதிக்கலாமா?

காவிரிக்கரை (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையாருக்கு வயது 63. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறார். அண்மைக் காலமாக மாடிப்படி ஏறும்போதும், சாப்பிட்ட கையோடு நடக்கும்போதும் நடுமார்பில் ஓர் இறுக்கம் வருகிறது என்றும், நின்றுவிட்டால் சிறிது நேரத்தில் அது விலகிவிடுகிறது என்றும் சொன்னார். வாயுத் தொல்லை என்று தாமே முடிவு செய்து ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவரை வற்புறுத்தித் திருச்சியில் ஓர் இதய மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இ.சி.ஜி.யில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. எக்கோவிலும் இதயம் சுருங்கும் திறன் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஓடும் பட்டையில் நடக்கவைத்துப் பார்க்கும் டிரெட்மில் பரிசோதனையின் இரண்டாம் கட்டத்திலேயே இ.சி.ஜி. மாறியதால் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

இதய ரத்தக் குழாய்களில் சாயம் செலுத்திப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் செய்தே ஆக வேண்டும் என்கிறார் மருத்துவர். அடைப்பு இருந்தால் அதே மேசையில் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் உலோக வலை) வைத்துவிடலாம், அதற்கு இப்போதே கையெழுத்து வேண்டும் என்கிறார்கள் மருத்துவமனையில். அடைப்பு எங்கே, எவ்வளவு என்று தெரிவதற்கு முன்பே சிகிச்சைக்குக் கையெழுத்திடுவதுதான் எனக்கு நெருடலாக இருக்கிறது. மறுத்தால் அப்பாவுக்கு ஆபத்தாகிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. இதைக் கடந்து வந்தவர்களும் விவரம் அறிந்தவர்களும் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தென்னூர் வாசகர்:

என் தாயாருக்கும் இதே நிலைதான் ஏற்பட்டது. நாங்கள் முன்கூட்டியே கையெழுத்திட்டோம். பரிசோதனையும் ஸ்டென்டும் ஒரே வேளையில் முடிந்தன. இரண்டு முறை குழாய் செலுத்தி, இரண்டு முறை சாயம் ஏற்றி, இரண்டு முறை கேத் லேப் (குழாய் செலுத்திச் செய்யும் சிகிச்சைக்கூடம்) கட்டணம் கட்டுவதில் என்ன பயன்? நம்பித்தானே மருத்துவரிடம் போகிறோம்? அதிகம் யோசிக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள்.

மதுரைச் செவிலியர் (ஓய்வு):

தம்பி, நான் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கேத் லேபில் கழித்தவள். உங்கள் நெருடல் நியாயமானது. தென்னூர் வாசகர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு வேறுபட்ட சூழ்நிலைகளை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மாரடைப்பு வந்து, இதய ரத்தக் குழாய் முழுவதுமாக அடைபட்டு, இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும் நிலையில் ஒருவரைக் கொண்டுவருகிறார்கள் என்றால் யோசிப்பதற்கு நேரமில்லை. அங்கே கையெழுத்தைத் தாமதப்படுத்துவது தசையை இழப்பதற்குச் சமம். உங்கள் தந்தையாரின் நிலை அப்படிப்பட்டதாகத் தெரியவில்லை. உழைக்கும்போது வந்து ஓய்வில் விலகுகிற வலி அவருடையது. எனினும் வலி புதிதாகத் தொடங்கியிருப்பதாலும் டிரெட்மில்லில் சீக்கிரமே மாற்றம் தெரிந்திருப்பதாலும் ஆஞ்சியோகிராமைத் தள்ளிப்போடாதீர்கள். பரிசோதனைக்கு உடனே சம்மதியுங்கள், சிகிச்சைக்கு நிபந்தனையோடு சம்மதியுங்கள் என்பதே நான் சொல்ல வருவது.

காரணம் அவருடைய சர்க்கரை நோய். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களில் அடைப்பு இருந்தால் ஸ்டென்ட் நல்லதா, பைபாஸ் (அடைப்பைத் தாண்டி ரத்தம் ஓட மாற்றுவழி அமைக்கும் அறுவை) நல்லதா என்று 1,900 நோயாளிகளை வைத்து ஒப்பிட்ட ‘ஃப்ரீடம்’ ஆய்வு 2012-இல் வெளிவந்தது. பக்கவாதம் பைபாஸ் செய்தவர்களிடம் சற்று அதிகமாக இருந்தாலும், மரணமும் மாரடைப்பும் அவர்களிடம் குறைவாகவே இருந்தன. இடப்பக்கத் தலைமைக் குழாயில் அடைப்பு இருந்தாலும் இதய அறுவை மருத்துவரைக் கலந்து பேசியே முடிவெடுக்க வேண்டும். அரைமயக்கத்தில் மேசைமேல் படுத்திருக்கும் நோயாளியிடமும், கதவுக்கு வெளியே பதறி நிற்கும் மகனிடமும் இரண்டு நிமிடத்தில் கேட்டு வாங்கும் முடிவல்ல அது.

ஆகவே மருத்துவரை நேரில் பார்த்து இப்படிச் சொல்லுங்கள்: “ஒரே குழாயில் தெளிவான, கடுமையான அடைப்பு இருந்தால் அப்போதே ஸ்டென்ட் வையுங்கள். தலைமைக் குழாயிலோ பல குழாய்களிலோ இருந்தால் படத்தோடு நிறுத்திவிடுங்கள், வெளியே வந்து பேசிக்கொள்ளலாம். நடுத்தரமான அடைப்பாக இருந்தால் பிரஷர் வயரால் அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.” அந்த மெல்லிய கம்பி, அடைப்புக்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒரு விகிதம் தரும். அது 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் அந்த அடைப்பு ரத்த ஓட்டத்தை உண்மையில் குறைக்கிறது என்று கொள்வார்கள். நான் அறிந்த நல்ல மருத்துவர்கள் எவரும் இப்படிப் பேசுவதைத் தவறாக எடுத்துக்கொண்டதில்லை. சம்மதப் படிவத்திலும் இதை எழுதச் சொல்லுங்கள்.

பரிசோதனைக்கு முன் கவனிக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் பார்த்திருக்க வேண்டும், ஏனெனில் குழாய்களைப் படத்தில் காட்டும் சாயம் சிறுநீரகத்தின் வழியாகத்தான் வெளியேறுகிறது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதை எப்போது நிறுத்தி எப்போது மீண்டும் தொடங்குவது என்று கேளுங்கள். முன்பு எப்போதாவது ஸ்கேன் சாயத்தால் ஒவ்வாமை வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பட்டினி இருக்க வேண்டிய நேரத்தில் சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கம்போல் எடுத்துக்கொண்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். இதை வீட்டில் பலரும் கவனிப்பதில்லை.

அப்பா பயந்திருப்பார். அவரிடம் நடக்கப்போவதை ஒன்றுவிடாமல் சொல்லிவிடுங்கள். தெரிந்துகொண்டு வருபவர்கள் மேசைமேல் அமைதியாக இருப்பதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். பெரும்பாலும் வலது மணிக்கட்டில் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அந்த ஒரு குத்தல்தான் வலி. பிறகு கையினுள் ஏதோ இழுப்பது போலிருக்கும். சிலருக்குக் கையின் ரத்தக் குழாய் இறுகிக்கொண்டு முன்கை கடுக்கும். உடனே வாய்விட்டுச் சொன்னால் அதை இளக்க மருந்து கொடுப்பார்கள். சாயம் போகும்போது சிலருக்கு உடலெங்கும் வெப்பம் பரவி, சிறுநீர் கழிந்துவிட்டதோ என்றுகூடத் தோன்றும். கழிந்திருக்காது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லலாம். தலைக்குமேல் கேமரா அங்குமிங்கும் நகரும். முடிந்ததும் மணிக்கட்டில் காற்றடைத்த ஒரு பட்டையை இறுக்கிக் கட்டி, சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார்கள். தொடை இடுக்கின் வழியாகச் செய்ய நேர்ந்தால் மட்டும் காலை மடக்காமல் சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும்.

கொங்குநாட்டான்:

ஸ்டென்ட் வைப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்று வெளிநாட்டு ஆய்வுகளே சொல்லிவிட்டனவே! மாத்திரையே போதும் என்னும்போது உலோகத்தைக் கொண்டுபோய் இதயத்துக்குள் ஏன் வைக்க வேண்டும்? மருத்துவமனைகள் பயத்தை வைத்துப் பணம் பார்க்கின்றன என்பதே என் கருத்து. ஆஞ்சியோகிராமுக்கே போகாதீர்கள்.

தஞ்சைப் பொதுமருத்துவர்:

கொங்குநாட்டாரே, நீங்கள் குறிப்பிடும் ஆய்வுகள் இருப்பது உண்மைதான். ஆனால் அவை சொல்வதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒருவரைப் பரிசோதனைக்கே போகாதே என்று தடுப்பது ஆபத்தானது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2007-இல் வந்த ‘கரேஜ்’ ஆய்வும், 2020-இல் வெளியான, ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ‘இஸ்கீமியா’ ஆய்வும், நிலையான (உழைக்கும்போது வந்து ஓய்வில் விலகும்) நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஸ்டென்டையும் சேர்ப்பதால் மரணமோ மாரடைப்போ தெளிவாகக் குறைவதில்லை என்று காட்டின. இதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இஸ்கீமியா ஆய்வில் தலைமைக் குழாயில் கடுமையான அடைப்பு உள்ளவர்களையும், இதயம் மிகவும் பலவீனமானவர்களையும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களையும் சேர்க்கவில்லை. அப்படிப்பட்டவரா இல்லையா என்று தெரிந்துகொள்ளவே குழாய்களைப் படமெடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவசரமில்லாத சிலருக்குக் கையில் குழாய் செலுத்தாமல் சி.டி. ஸ்கேன் மூலமாகவும் அதைப் பார்க்கலாம். யாருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

வலி குறைவது என்பது சிறிய விஷயமுமல்ல. 2023-இல் வெளிவந்த ‘ஆர்பிட்டா-2’ ஆய்வில் 301 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மற்றவர்களுக்கு வைப்பது போன்ற நடைமுறையை மட்டும் செய்தார்கள். யாருக்கு எது நடந்தது என்பது நோயாளிக்குத் தெரியாது. நெஞ்சுவலி மாத்திரைகளை நிறுத்தியிருந்த அந்த நோயாளிகளில், உண்மையாக ஸ்டென்ட் வைக்கப்பட்டவர்களுக்கே வலி குறைவாக இருந்தது. மாடி ஏற முடியாமல் கீழேயே முடங்கிக் கிடந்தவர் மீண்டும் ஏறி இறங்குவதை நான் பயனாகவே கருதுகிறேன்.

இதில் நம் மக்கள் புரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. பல மாரடைப்புகள், படத்தில் பெரிதாகத் தெரிகிற அடைப்பிலிருந்து வருவதில்லை. குழாயைப் பாதிகூட அடைக்காத, மெல்லிய மூடியுடைய கொழுப்புப் படிவு ஒன்று திடீரென வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாய் மூடிக்கொள்கிறது. ஸ்டென்ட் ஓரிடத்தைத்தான் திறந்து வைக்கும். மற்ற படிவுகள் அத்தனையையும் அடக்கி வைப்பவை கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும், புகை விடுதலும், சர்க்கரை, ரத்த அழுத்தக் கட்டுப்பாடும்தான். ஸ்டென்ட் வைத்துக்கொண்ட பிறகு, ‘அடைப்பை எடுத்துவிட்டார்கள், இனி எதற்கு மாத்திரை’ என்று கேட்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அடைப்பை யாரும் எடுப்பதில்லை. பலூனால் அதைக் குழாயின் சுவரோடு அழுத்தி, மீண்டும் சுருங்காமலிருக்க உலோக வலையை நிறுத்துகிறார்கள். நோய் அங்கேயேதான் இருக்கிறது.

புதுக்கோட்டை மருந்தாளுநர்:

செலவு பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். முன்பெல்லாம் மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றுக்கு லட்ச ரூபாய்க்கு மேல் வாங்கினார்கள். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை ஆணையம் அதற்கு 29,600 ரூபாயும், மருந்து பூசாத உலோக ஸ்டென்டுக்கு 7,260 ரூபாயும் வரி நீங்கலாக உச்சவரம்பு விதித்தது. மறு ஆண்டு மருந்து பூசியதற்கு 27,890 ரூபாய் ஆனது. அதன்பின் மொத்த விலைக் குறியீட்டை ஒட்டி வரம்பு உயர்ந்து வருவதால் நடப்பு விலையை ஆணையத்தின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டென்டின் விலை, பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண் ஆகியவற்றை ரசீதில் தனியாகக் காட்ட வேண்டும் என்பதும் அந்த ஆணையிலேயே இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். ஆனால் வரம்பு ஸ்டென்டுக்கு மட்டும்தான். கேத் லேப், அறை, மருத்துவர் கட்டணங்கள் இடத்துக்கு இடம் மாறும்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அவசரமில்லாத சிகிச்சைக்கு மருத்துவமனை முன் அனுமதி பெற வேண்டும் என்பதால், சேர்வதற்கு முன்பே காப்பீட்டு மேசையில் பேசிவிடுங்கள்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. செவிலியர் அக்கா சொன்னபடியே மருத்துவரிடம் பேசினோம். அவர் பொறுமையாகக் கேட்டு, சம்மதப் படிவத்திலேயே எழுதிக்கொண்டார். ஆஞ்சியோகிராம் முடிந்தது. இதயத்தின் முன்பக்கமாக இறங்கும் குழாயின் நடுப்பகுதியில் எண்பது விழுக்காடு அடைப்பு, வலப்பக்கக் குழாயில் முப்பது விழுக்காடு, மற்றவை சீர். பாதியில் என்னை உள்ளே அழைத்துத் திரையில் காட்டினார். கறுப்பு நூல்போல் ஓடிய குழாய் ஓரிடத்தில் மட்டும் மயிரிழையாக மெலிந்து, அதற்குக் கீழே மறுபடி பருத்துத் தெரிந்தது. ஒரே இடம் என்பதால் அப்போதே ஸ்டென்ட் வைத்துவிட்டார். அதே குழாய் பிறகு ஒரே பருமனாகத் தெரிந்ததையும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். இப்போது வேறு கேள்விகள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஊதா நிறத்தில் கன்றியிருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சில சமயம் மூச்சு போதவில்லை என்கிறார், ஆனால் நெஞ்சுவலி இல்லை. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் டிகாக்ரிலரும் கொடுத்திருக்கிறார்கள். கீரையே சாப்பிடக் கூடாது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். எல்லாவற்றையும்விட, கலகலப்பாகப் பேசுகிற மனிதர் இப்போது யாரிடமும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். இரவில் விழித்துக்கொண்டு மார்பில் கை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்.

மதுரைச் செவிலியர் (ஓய்வு):

நல்ல செய்தி, தம்பி. கன்றியிருப்பது தானாகவே மஞ்சளித்து மறையும். ஆனால் அந்த இடம் கட்டியாகப் பருத்துக்கொண்டே போனாலோ, விரல்கள் குளிர்ந்து மரத்தாலோ உடனே காட்டுங்கள். ரத்தம் கசிந்தால் துளையின்மேல் விரலால் விடாமல் அழுத்திப் பிடித்தபடி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஒரு வாரத்துக்கு அந்தக் கையால் தண்ணீர்க் குடமோ சிலிண்டரோ தூக்க வேண்டாம், இருசக்கர வண்டியும் ஓட்ட வேண்டாம். சமதரையில் காலையும் மாலையும் சில நிமிடம் நடக்கட்டும், நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டிக்கொள்ளட்டும். நடந்துகொண்டே உங்களோடு வாக்கியம் தடைபடாமல் பேச முடிந்தால் அந்த வேகம் அவருக்குச் சரியானது. சாப்பிட்டவுடன் மட்டும் நடக்க வேண்டாம்.

மூச்சு போதாமை டிகாக்ரிலரின் அறிந்த பக்கவிளைவுகளுள் ஒன்று. பலருக்கு நாளடைவில் குறைந்துவிடும். ஆனாலும் மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள், ஏனெனில் இதயத்தாலோ நுரையீரலாலோ வருவதல்ல என்று அவர்தான் உறுதிசெய்ய வேண்டும். தேவைப்பட்டால் வேறு மாத்திரைக்கு மாற்றுவார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதை இருமுறை எழுத வேண்டும் போலிருக்கிறது. புதிதாக வைத்த உலோகத்தின்மேல் குழாயின் உள்தோல் வளர்ந்து மூட மாதங்கள் ஆகும். அதற்குள் இந்த இரண்டு மாத்திரைகளில் ஒன்றைத் திடீரென நிறுத்தினாலும் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து பெரிய மாரடைப்பாக முடியலாம். திட்டமிட்டு வைத்த ஸ்டென்டுக்குப் பொதுவாக ஆறு மாதமும், மாரடைப்புக்குப் பிறகு வைத்ததற்கு ஓராண்டும் இரட்டை மாத்திரை தருவார்கள். ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்கு இன்னும் குறைப்பார்கள். உங்கள் அப்பாவுக்கு எவ்வளவு காலம் என்பதை டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்குங்கள்.

மனச்சோர்வைப் பற்றி நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. இதயச் சிகிச்சைக்குப் பின் ஆண்கள் பலர் இப்படி ஒடுங்கிப்போகிறார்கள். ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லி அடக்காதீர்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அவர் மனத்தில் இருக்கும் கேள்விகளை அவரே மருத்துவரிடம் கேட்கட்டும். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லையென்றால் அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

புதுக்கோட்டை மருந்தாளுநர்:

கீரை விஷயத்தில் உறவினர் குழப்பிக்கொண்டிருக்கிறார். கீரையில் உள்ள வைட்டமின் கே சத்து வார்ஃபரின் போன்ற மாத்திரையின் வேலையைத்தான் கெடுக்கும். செயற்கை வால்வு வைத்தவர்கள் சாப்பிடுவது அது. ஆஸ்பிரினுக்கும் டிகாக்ரிலருக்கும் கீரையால் தடையில்லை. முருங்கைக்கீரையோ அரைக்கீரையோ தாராளமாகச் சாப்பிடட்டும். குறைக்க வேண்டியவை ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைப் பலகாரம்.

நான் அஞ்சுவது வேறொன்றைப் பற்றி. மூட்டுவலிக்கு மருந்துச் சீட்டில்லாமல் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் வாங்கிச் சாப்பிடும் பழக்கம் நம் ஊர்ப் பெரியவர்களிடம் அதிகம். ஆஸ்பிரினோடும் டிகாக்ரிலரோடும் அவை சேர்ந்தால் குடலில் ரத்தக்கசிவு அபாயம் கூடும். இதயத்துக்கும் அவை நல்லதல்ல. மலம் தார்போல் கறுத்துப் போனால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். எந்தக் கடையில் மாத்திரை வாங்கினாலும் ஸ்டென்ட் வைத்திருப்பதை முதலில் சொல்லச் சொல்லுங்கள்.

தஞ்சைப் பொதுமருத்துவர்:

வலப்பக்கக் குழாயில் உள்ள முப்பது விழுக்காட்டை மறந்துவிடாதீர்கள். நான் முன்பு எழுதியது அதைப் போன்ற படிவுகளைப் பற்றித்தான். கெட்ட கொழுப்பை (எல்.டி.எல்.) டெசிலிட்டருக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் வழிகாட்டுதல். ஸ்டாட்டின் தொடங்கிச் சில வாரங்களில் ரத்தம் கொடுத்துப் பார்த்து, குறையவில்லையென்றால் அளவைக் கூட்டவோ வேறொரு மாத்திரையைச் சேர்க்கவோ மருத்துவரைக் கேளுங்கள்.

மீண்டும் நெஞ்சுவலி வந்தால் நடப்பதை நிறுத்தி, உட்கார்ந்த நிலையில் நாக்கின் அடியில் சார்பிட்ரேட் என்ற நெஞ்சுவலி மாத்திரையை வைத்துக்கொள்ளட்டும். நின்றபடி வைத்தால் ரத்த அழுத்தம் தாழ்ந்து விழுந்துவிடக்கூடும். ஐந்து நிமிடத்தில் வலி குறையவில்லையென்றால் 108-ஐ அழையுங்கள், சொந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு அலையாதீர்கள். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் சார்பிட்ரேட்டைத் தொடவே கூடாது. இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்பதால் நானே எழுதுகிறேன். நம் மாநிலத்தில் 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாரடைப்புக்கான முதல்கட்ட மாத்திரைகளை இருப்பு வைத்திருக்கிறார்கள். கிராமத்தில் இருப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தென்னூர் வாசகர்:

ஒரு சந்தேகம். என் தாயாருக்கு ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம் ஆகிறது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்ற பல் மருத்துவர், இரண்டு மாத்திரைகளையும் ஐந்து நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார். நிறுத்தலாமா?

மதுரைச் செவிலியர் (ஓய்வு):

இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். ஒரு பல்லைப் பிடுங்கும்போது வரும் ரத்தத்தைப் பஞ்சை வைத்துக் கடித்தும், தையல் போட்டும் நிறுத்திவிட முடியும் என்பதால் பெரும்பாலும் மாத்திரையோடே செய்துவிடுவார்கள். டிஸ்சார்ஜ் தாளை எடுத்துக்கொண்டு போய், இரண்டு மருத்துவர்களையும் தொலைபேசியில் நேரடியாகப் பேசவைத்துவிடுங்கள். தள்ளிப்போடக்கூடிய பல்லாக இருந்தால் இரட்டை மாத்திரைக் காலம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் அவர்கள் சொல்லக்கூடும்.